ஊர்க் கடைப் பீட்சா

ஆறு மணிக்கு எழுந்து, பல் துலக்கி, குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எட்டு மணிக்கு மாமியார் வந்தார். மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“கடைசியா என்ன சொன்னா, மாப்பிள்ளை? என்னைக் கேட்டாளா?”

ஆமாம் என்று சொல்லிவிடும்படி மைத்துனன் முன்பே காதைக் கடித்திருந்தான். “ஒரு பொய்தானே மச்சான், அம்மா மனசு ஆறும்.” ஆனால் என் மனைவி சொன்னதை மாற்றிச் சொன்னால் அது அவளாக இராது.

“பீட்சாவைத் திட்டினா, அத்தை.”

மாமியார் சிரித்துவிட்டார். “நம்ம ஊர்க் கடைய விட்டா அவளுக்கு வேற எதுவும் பிடிக்காதே! முழுசா சொல்லுங்க.”

ஆஸ்பத்திரிக்கு நான் பக்கத்துக் கடையில் வாங்கிப் போயிருந்தேன். ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னாள்:

“இதெல்லாம் ஒரு பீட்சாவா? எங்க ஊர்ல ஓரத்த மட்டும் தின்னாலே வயிறு ரொம்பிடும்.”