மில் யாருடைய பெயரில்

அந்த மனுசி விதவை என்பதைத் தனலட்சுமி நம்பவில்லை.

சுவிஸில் இன்டர்லாக்கன் ரயிலடியில் வந்து இறங்கும்போதே கென்யாக்காரி நசேரியனின் கழுத்தில் சிவப்பும் நீலமுமாகப் பாசிமணி வட்டங்கள் நெஞ்சை மூடிக் கிடந்தன. தோளில் செக்கச்செவேலென்று ஒரு துணி. புருசனைப் பறிகொடுத்தவள் வருகிற வரத்தா இது? தனலட்சுமியின் மனுசன் செத்துப்போய் மூன்று வருசம். தாலிக்கொடியைக் கழற்றியவள் பிறகு ஒரு மெல்லிய சங்கிலிகூடப் போடவில்லை. போட்டால் சபையில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள்.

கென்யாவில் மசாய் விதவைகள் ஆறு பேர் பிழைத்துக்கொள்ள மா அரைக்கிற மில் ஒன்று போட்டுக் கொடுப்பதென்று அவளுடைய தமிழ்ச் சபை முடிவெடுத்திருந்தது. ஆறு பேரில் ஒருத்தியான நசேரியனை ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கல் தனலட்சுமியின் வீட்டில். உதவித் திட்டத்துக்குப் பொறுப்பான மகேந்திரன், ஆளைக் கொண்டுவந்து விட்ட கையோடு தனலட்சுமியை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, இவளைக் கொஞ்சம் கவனித்துச் சொல்லும்படி கேட்டார். அக்காவுக்கு ஒருத்தரையும் நம்பாத கண், அதனால்தான் இங்கே விடுகிறேன் என்று சிரிப்பு வேறு.

பொய்யில்லை. ஹோட்டல் சமையலறையில் சட்டி தேய்த்து நாரி முறிந்தவள் அவள். சேர்ந்த புதிதில் அவளுடைய மேலதிக வேலையை ஷெஃப் தன் பெயரில் எழுதி விழுங்கிய நாள் தொட்டு, யார் சிரித்துக்கொண்டு வந்தாலும் கையைத்தான் பார்ப்பாள்.

நசேரியன் நன்றாகச் சாப்பிட்டாள். புட்டுக்குப் பால் ஊற்றிக் குழைத்து விழுங்கினாள். கோப்பை கழுவினாள், கேட்காமலே கக்கூஸும் கழுவினாள். அதுவும் பிடிக்கவில்லை, நல்ல பெயர் எடுக்கிற வேலை. பின்னேரமானால் போனோடு கீழே, உடுப்புத் தோய்க்கிற நிலவறைக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் தனலட்சுமி உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கொரு நாள்தான் மெஷின், அன்று அவளுக்குத் தோய்க்கிற முறையும் இல்லை. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி கண்டால் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். கதவடியில் நிற்க, போனிலிருந்து ஆண் குரல் கேட்டது. அதட்டுகிற குரல். நசேரியன் தலையைக் குனிந்துகொண்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

புருசன் குத்துக்கல் மாதிரி இருக்கிறான், எங்களைப் பேய்க்காட்டுகிறாள். தனலட்சுமிக்குக் கோபம் ஏறியது. உள்ளே போய்க் கூடையைத் தொப்பென்று போட்டாள். அவளிடம் இருந்தது ஹோட்டல் இங்கிலீஸ். நசேரியனிடம் இருந்தது மிஷன் பள்ளி இங்கிலீஸ். சண்டை பிடிக்க அது போதும்.

"ஆர் அது, உன்ர புருசனோ?"

"புருசன்ர தமையன்."

நசேரியன் ஒளிக்கவில்லை. புருசன் செத்த கையோடு மாடுகளை அவன் தன் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போனானாம். இப்போது மில்லுக்குக் காத்திருக்கிறான். காணி நான் தருகிறேன், பெயரை என்னுடையதாகப் போடுங்கள் என்று மகேந்திரனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறவனும் அவன்தான். அங்கே பொறுப்பான ஆம்பிளை ஒருவர் இருக்கிறார் என்று மகேந்திரன் கூட்டத்தில் பெருமைப்பட்டது தனலட்சுமிக்கு ஞாபகம் வந்தது.

"அவன்ர பேரில போனா, நாங்கள் ஆறு பேரும் அவனுக்குக் கூலிக்கு அரைப்பம். எங்கட ஊர்ச் சபைக் காணியில, எங்கட பேரில வேணும்."

அதை மகேந்திரனிடமே சொல்லேன் என்றாள் தனலட்சுமி. சொன்னால் அவன் காதுக்குப் போகும், என் பிள்ளைகள் அவன் வளவில் நிற்கிறார்கள் என்றாள் நசேரியன்.

"அப்ப உந்த மணியெல்லாம்?"

"அவர் செத்த உடன கழட்டினன். துக்கம் முடியப் போட்டன்." நசேரியன் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தாள். "உன்ர துக்கம் எப்ப முடியும்?"

தனலட்சுமி மெஷினுக்குள் உடுப்பைத் திணித்தாள்.

அதற்குப் பிறகும் நம்பிக்கை வரவில்லை. வெங்காயம் உரிக்கும்போதும் அதே யோசனை. இவள் தனக்கே மில்லைச் சுருட்டப் பார்க்கிறாளோ? மற்ற ஐந்து பேருக்கும் இது தெரியுமோ? ஆனால் வாயைத் திறக்காவிட்டால் மில் அந்த ஆம்பிளைக்குத்தான், அதில் சந்தேகமில்லை. நசேரியன் சொன்னதாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு என்ன நடக்குமோ.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, எல்லோரும் நிற்க, நசேரியன் எப்படி ஆள் என்று மகேந்திரன் தனலட்சுமியிடம் கேட்டார்.

"பெட்டையில பிழையில்லை, தம்பி. நீங்கள் கூட்டத்தில சொன்ன அந்த ஆம்பிளையிலதான் எனக்கு நம்பிக்கையில்லை."

"அவள் ஏதும் சொன்னவளோ?"

"அவள் அவனைக் கடவுள் எண்டெல்லோ புகழுறாள். அதுதான் எனக்கு இடிக்குது."

சபைக்குள் நின்று பொய் சொன்னாள். நாக்குத் தடுமாறவில்லை.

"அக்காவுக்கு என்னிலயும் நம்பிக்கையில்லைப் போல," என்றார் மகேந்திரன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"உங்களிலயும் இல்லைத்தான். ஆறு மனுசியளின்ர பேரையும் போட்டு, அங்கத்தைச் சபைக் காணியில வையுங்கோ. இல்லாட்டி வாற ஞாயிறு மைக்கைப் பிடிச்சுக் கேப்பன்."

கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். அவளைத் தெரிந்த எவருக்கும், இந்தச் சந்தேகம் இன்னொருத்தியிடமிருந்து வந்திருக்கும் என்ற எண்ணமே வராது. சரி, உங்களுடைய கரைச்சல் தாங்கேலாது, அப்படியே எழுதுவோம் என்று மகேந்திரன் கையை விரித்தார்.

தனலட்சுமி நேரே நசேரியனிடம் போய், மில் ஆறு பேரின் பெயரிலும்தான் என்று இங்கிலீஸில் சொன்னாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளைக் கையால் மறித்தாள்.

"மற்ற அஞ்சு பேரில இங்கிலீஸ் கதைக்கிறவள் ஆர்?"

"ஏன்?"

"உன்னைப் பற்றி விசாரிக்க."

நசேரியன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் என்னில நம்பிக்கையில்லை."

"நல்லதாப் போச்சு," என்றாள் தனலட்சுமி. "அவளின்ர நம்பரைத் தா."