பாதிக் கஞ்சி

பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால், பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் வீரம்மா இன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே அடுப்பை மூட்டிவிட்டாள்.

மலாயாவில் கோலா கங்சாருக்கு அப்பாலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், பிள்ளைகள் இலவசக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாடத்துக்கு இராமல் ஓடிவிடுகிறார்கள் என்று கூலியாட்களை மேய்க்கும் கங்காணி அப்பாவு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் வத்தி வைத்திருந்தான். புல் பிடுங்க மலிவான கைகள் வேண்டுமே அவனுக்கு! இன்று மதியம் துரை வருகிறார். கொட்டகை காலியாக இருந்தால் நாளைமுதல் அரிசி கிடையாது. கஞ்சி நின்றால் பள்ளிக்கு யார் வருவார்? வீரம்மாவின் மகள் மங்களமும் புல்லுக்குத்தான் போகவேண்டும்.

பிள்ளைகள் ஓடுவது யார் குற்றம்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்புப்பறை ஒலித்தால் ஓடவேண்டும், தாமதித்தால் அன்றைய கூலி போய்விடும் என்று பழகிய கால்கள் அவை. அந்தத் தப்பைத்தான் அப்பாவு நாள்தோறும் கஞ்சி முடிந்த கையோடு அடிக்கச் செய்தான்.

வீரம்மா இன்று ஒவ்வொரு தட்டிலும் பாதியே ஊற்றினாள்.

"என்னாம்மா, கோழிக்குஞ்சுக்கா ஊத்துறே?" என்றாள் மங்களம்.

"மீதி, வாத்தியார் பாடம் முடிச்சப்புறம்லா. குந்துடி."

தப்பு அதிர்ந்தது. பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். மங்களம் வாசலையே தாண்டிவிட்டாள். இழுத்துப் பிடித்தால் ஒருத்தியைத்தான் பிடிக்கமுடியும். வீரம்மா பானையின் மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது. மங்களம் நின்றாள்; எச்சில் விழுங்கினாள்; திரும்பி வந்து குந்தினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள். வாத்தியார் அர்ச்சுனன் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

அப்பாவு பிரம்போடு பாய்ந்து வந்தான். "எவடி மறிச்சது?"

"நான் மறிக்கல, கங்காணியாரே. பசி மறிக்குது."

அவன் பிரம்பை ஓங்கியபோது துரையின் குதிரை வந்து நின்றது. அப்பாவு குழைந்தான். "பாருங்க தொரே, படிக்கவா இருக்குதுங்க? கஞ்சிக்குத்தான்!"

துரை வீரம்மாவைப் பார்த்தார். அவள் பானை மூடியைக் கீழே வைத்தாள்.

"ஆமா தொரே, கஞ்சிக்குத்தான். குந்தியிருக்கையில பாடம் காதுல விழாமப் போயிருமா?"

துரை வாசல் பக்கம் திரும்பினார். வெளியே தப்பு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளியே வரும்வரை நிறுத்தாதே என்பது தப்படிப்பவனுக்கு அப்பாவு இட்ட கட்டளை.

"பெரட்டு காலையில இல்லே, அப்பாவு? இப்போ யாருக்கு அடிக்குது? பிள்ளைங்களை ஓட்டவா?" என்றார் துரை.

அப்பாவு பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அதை நிறுத்து. அரிசி நிக்காது," என்றார் துரை.

தப்பு ஓய்ந்தது. மீதிக் கஞ்சியை ஊற்ற வீரம்மா அகப்பையை எடுத்தாள்.

"இரும்மா," என்றாள் மங்களம், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு வரி இருக்கு."