மூன்று அடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோல் என் தவறுதான். ஆனால் அதைப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் விட்டவன் மட்டும் என் கையில் அகப்பட்டால்... சரி, விடுங்கள். இனிக் கோபப்படமாட்டேன் என்று உம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் ஃபஸ்லான். ஊர் புத்தளம் கரைத்தீவு. வயது இருபது. கொழும்புக் கழகம் ஒன்றின் இரண்டாவது கோல் காப்பாளன். இரண்டாவது என்றால் வாங்கில் குந்திக்கொண்டு தோடம்பழம் தின்பவன் என்று அர்த்தம். ஏழு மாதம் அப்படித்தான் தின்றேன். பிறகு முதலாவது காப்பாளனுக்கு விரல் முறிந்தது. பயிற்றுநர் கில்பட் சேர் என்னைக் கூப்பிட்டார். அவர் சிலாபத்துக்காரர். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

"டேய் புத்தளம், உனக்கு ரெண்டு மெச் தாறன். ஒழுங்கா நிண்டா அடுத்த வருசமும் எங்களோட. இல்லாட்டி பேக்கைத் தூக்கு. ஹரித, சரியா?"

"ஓம் சேர்."

பேக்கைத் தூக்கினால் எங்கே போவேன் என்பது எனக்குத் தெரியும். பாலாவியில் உப்பு ஏற்றும் லொறிகளுக்கு மாமா எப்போதும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்பது. பத்து வயதிலிருந்து அது ஒன்றுதான் வேண்டும்.

நான் நின்று பழகிய இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் தவறு விளங்காது. எங்கள் கரைத்தீவு மைதானத்தில் புல் கிடையாது. கோலுக்குப் பின்னால் கடல்நீர்க் களப்பு. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் முடியும் வரை சோளகக் காற்று அங்கிருந்து வந்து முதுகில் அறையும். எதிரே நிற்பவன் பந்தை உயர அடித்தால் அது காற்றில் முட்டி, தயங்கி, கோலுக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். ஆகவே எங்கள் ஊரில் காப்பாளனாக நின்ற எவனும் உயரப் பந்தைக் கண்டதும் மூன்று அடி முன்னால் போவான். யோசித்துப் போவதில்லை. கால் தானாகப் போகும்.

கொழும்பு மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் உயர்ந்த கொங்கிறீட் படிகள். உள்ளே பொட்டுக் காற்றில்லை. என் முதல் ஆட்டத்தின் பன்னிரண்டாவது நிமிடம் எவனோ ஒருவன் பாதி மைதானத்திலிருந்து சும்மா உயர அடித்தான். என் கால் மூன்று அடி முன்னால் போய்விட்டது. பந்து தயங்கவில்லை. என் தலைக்கு மேலால் சாவகாசமாகப் போய் வலைக்குள் விழுந்தது. நான் வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்தபடி, மழை வேண்டித் துஆ கேட்பவனைப்போல நின்றேன். அந்தக் கோலம்தான் டிக்டொக்கில் ஓடியது. நாங்கள் தோற்றோம். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'மூணடி.' உம்மா தன் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

இரண்டாவது ஆட்டம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? புத்தளத்தில். புத்தளத்துக் கழகத்துக்கு எதிராக. என்னைத் தூக்கி வளர்த்த சனம் முழுக்க அந்தப் பக்கம்.

அவர்களுடைய முன்கள வீரன் நிலுக்சன். பக்கத்து ஊர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. எட்டு வருடம் பின்னேரத்தில் சைக்கிளில் வந்து என்னை நோக்கிப் பந்தடித்தவன். காற்றை அவனைப்போல் அறிந்த ஆள் இல்லை. கோலுக்கு மேலால் போகிறது என்று நினைக்கும் உயரத்தில் அடிப்பான். காற்று அதைப் பிடித்து, கம்பத்துக்குக் கீழே சரியாக இறக்கிவிடும். ஆட்டத்தன்று காலை எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், இண்டைக்கும் மூணடி வருவியா? வீடியோ எடுக்க ஆள் வச்சிருக்கிறன்."

"வாடா, வந்து பார்," என்றேன். கைபேசியைக் கட்டிலில் வீசிவிட்டு மறுபடி எடுத்துக் கண்ணாடி உடைந்ததா என்று பார்த்தேன்.

வாப்பா உம்மாவை முச்சக்கரவண்டியில் கூட்டிவந்தார். உம்மா உள்ளே வர மறுத்துவிட்டார். மதிலுக்கு வெளியே வண்டிக்குள் திரையை இறக்கிவிட்டு தஸ்பீஹ் மணியும் கையுமாக இருந்தார்.

"நான் பாக்க மாட்டன் மகன். நெஞ்சு தாங்காது. சனம் போடுற சத்தத்துல எனக்கு வெளங்கும்," என்றார்.

முப்பதாவது நிமிடத்தில் எங்கள் ஆள் ஒரு கோல் அடித்தான். மைதானமே சாவு விழுந்த மௌத்து வீடு மாதிரி ஆனது. அந்த மைதானமும் களப்போரம்தான்; இரண்டாம் பாதியில் களப்புப் பக்கத்துக் கோல் எனக்கு. போய் நின்றதும் காற்று முதுகில் அறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவ்வளவு நாளைக்குப் பிறகு! பின்னால் வேலியில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் உடனே தொடங்கியது.

"ஃபஸ்லான், மூணு அடி முன்னுக்கு வாடா!"

"இவனுக்கு ரெண்டு அடி காணாதாம்!"

உயரப் பந்து வந்தது. மூன்று அடி போனேன். பந்து தயங்கி என் நெஞ்சுக்கு இறங்கியது. இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே. நான் திரும்பி வேலியைப் பார்த்து, "இந்தா மூணடி! எண்ணிப் பாருங்கடா!" என்று கத்தினேன். கில்பட் சேர் கோட்டுக்கு வெளியே நின்று, "வாயைப் பொத்து! பந்தைப் பார்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். வாயைப் பொத்தினேன்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இன்னும் ஒன்றுக்குப் பூச்சியம்தான். முப்பது மீற்றர் தூரத்தில் அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. நிலுக்சன் பந்தை வைத்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என்ன அடிக்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்வேன் என்று அவனுக்கும் தெரியும்.

அவன் பின்னால் நடந்துபோகும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஈரமாக, சூடாக. இரண்டாம் பாதி முழுக்க ஒட்டாத சட்டை. மூலைக் கொடியைப் பார்த்தேன். துணி கம்பில் தொங்கியது. செப்டெம்பர் கடைசி. மஃரிப் தொழுகைக்கு அரை மணி நேரம் இருக்கும். காற்று விழுந்துவிட்டது.

நிலுக்சன் ஓடிவந்துகொண்டிருந்தான். அவன் கொடியைப் பார்க்கவில்லை. அவன் ஏன் பார்க்கப்போகிறான்? கொழும்பில் ஊர் சிரிக்க நின்றவன் நான்தானே, அவனில்லையே.

அடித்தான். பந்து எழுந்தது. அதே உயரம், எட்டு வருடம் பார்த்த அதே உயரம். என் வலது கால் முன்னால் போகத் துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் காலை நானே பிடித்துவைப்பதுபோல் இருந்தது. "வாடா முன்னுக்கு!" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். சேர், "பாய்! பாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் கோட்டிலேயே நின்றேன். கையைக்கூட உயர்த்தவில்லை. இறங்கினால் என் கதை முடிந்தது, நாளைக்கே பாலாவி.

இறங்கவில்லை. குறுக்குக் கம்பத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போய், பின்னால் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே விழுந்தது. சனம் முழுக்க ஒரே குரலில் "ஆஆஆ" என்று அலறி, தலையில் கை வைத்தது. இரண்டு நிமிடத்தில் நடுவர் விசில் ஊதினார்.

நிலுக்சன் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஏன் மச்சான் வரல்ல நீ?"

"காத்து விழுந்திட்டுது மச்சான்."

அவன் கொடியைப் பார்த்தான். பிறகு சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுதமுடியாது.

கில்பட் சேர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏன்டா பாயல்ல? எனக்கு நெஞ்சு நிண்டிட்டுது!" நான் கொடியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். "புதன்கிழமை காலம ஆறு மணிக்குக் கிரவுண்டில நில். கடதாசியில கையெழுத்து வைக்கிற வேலை இருக்கு," என்றார். நாலடி போய்த் திரும்பினார். "பிந்தாத, ஃபஸ்லான்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினேன். வாப்பா இன்னும் உள்ளே யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். முச்சக்கரவண்டியின் திரையை விலக்கினால், உம்மா முந்தானையை வாயில் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

"அழுவாத மகன்," என்றார் என்னைக் கண்டதும். நான் எங்கே அழுதேன்? "பரவால்ல. உப்பு வேலையும் ஹலாலான வேலதான். மாமாட்ட நான் கதைக்கிறன். வா, வீட்ட போவம்."

"உம்மா, நாங்க வெண்டிட்டம்!"

"பொய் சொல்லாத. கடைசியில சனம் கதறினது கேட்டதுதானே எனக்கு."

"அது புத்தளத்துச் சனம் உம்மா! அவங்க தோத்ததுக்குக் கதறின!"

உம்மா அழுகையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கணக்குப் பார்ப்பவர்போல் கண்ணைச் சுருக்கினார்.

"அப்ப, அவங்க சந்தோசத்துல கத்தக்கொள்ள எல்லாம் நான் அல்ஹம்துலில்லாஹ், இன்னும் குடு, இன்னும் குடு எண்டு கேட்டேனே. அதெல்லாம் அவங்களுக்கா கேட்ட?"

"ஓம்."

"அல்லாஹ்வே!" என்று தஸ்பீஹோடு என் தோளில் ஒரு அடி போட்டார். "ஏன்டா முந்தியே சொல்லல்ல?"

இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியவர், அப்படியே என் வியர்த்த தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் எழும்பவில்லை.