எர்மின் உட்கார்ந்தது வரைக்கும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு எர்மின் கிட்டன்ஸ், சுட்ட சீமைப்பலா ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டி, "இந்தா, இதைத் தின்னுட்டு என் கதையை எழுது" என்றாள். பலா அன்றைக்கே தீர்ந்துவிட்டது. கதைதான் இழுத்துக்கொண்டே போகிறது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'பார்படோஸ் தீவின் கரும்புக் காட்டு நடுவே, நூற்றாண்டுகளின் கண்ணீரைச் சுமந்தபடி அந்த மாளிகை—'

எர்மினுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன்.

"மாளிகை என்னத்தைச் சுமந்துச்சு? சுமந்தது நாங்க. அடிச்சுடு."

அடித்துவிட்டேன். (அடித்ததை உங்கள் கண்ணில் படும்படி விட்டிருக்கிறேன். பட்ட பாடு வீணாகக் கூடாது பாருங்கள்.)

2

நடந்தது இதுதான். பாழடைந்து கிடந்த தோட்ட முதலாளியின் மாளிகையையும் கரும்பாலையையும் புதுப்பித்து மியூசியம் ஆக்கினார்கள். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களுக்குச் சிலை வைக்க உள்ளூர் முகங்கள் வேண்டுமென்று தேவாலயத்தில் வந்து கேட்டார்கள். எர்மின் கையைத் தூக்கினாள். மூக்கில் குழாய் செருகி, முகத்தில் சாந்தை அப்பி அச்செடுத்தார்கள். அச்செடுக்கும்போது அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் சிலையும் உட்கார்ந்துதான் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஓட்டல் சமையலறையில் ஆயுள் முழுக்க நின்று முட்டி தேய்ந்தவள் வேறெப்படி நினைப்பாள்?

ஊர்க்காரர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பாடகர் குழுவையே கூட்டிக்கொண்டு போனாள். தலையில் ஈஸ்டருக்கு மட்டும் வெளியே எடுக்கும் தொப்பி.

சிலை சமையலறையில் நின்றது. இடுப்பை வளைத்து, களிப் பானையில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டு நின்றது.*

கூட வந்த சிநேகிதி லுக்ரீஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிலையாப் போயும் உனக்கு அடுப்படிதானாடி!"

* சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டும் களி. துடுப்பைப் பிடித்த விதம் சரியாகத்தான் இருந்ததாம். கோபத்திலும் நியாயம் பேசுகிறவள் எர்மின்.

3

[இங்கே அவளை அழ வைத்திருந்தேன். 'சிலையின் கன்னத்தைத் தடவியபோது அவள் கண்கள்—'

"யாரு அழுதா? உனக்கு அழணும்னா உன் வீட்டுல உக்காந்து அழு."]

அவள் அழவில்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டாள். வழிகாட்டி டெரோல், லுக்ரீஷாவின் மருமகன். தப்பித்து ஓட வழியில்லை.

"டேய், இவளுக்கு ஒரு முக்காலி போடு."

"ஆண்ட்டி, அந்தக் காலத்துல சமையக்காரிய உக்கார விட மாட்டாங்க. வரலாறு ஆண்ட்டி."

"விடாதவங்கதான் எப்பவோ செத்தாச்சே. இப்ப யாருடா தடுக்கறா?"

"சிலைக்குள்ள இரும்புக் கம்பி. முட்டி மடங்காது."

"எனக்கும்தான் மடங்க மாட்டேங்குது. அதுக்காக உக்கார ஆசை இருக்காதா?"

(இது என் வசனமென்று நினைத்து என்னைப் பாராட்டிவிடாதீர்கள்.)

இந்த இடத்தில் சிரித்துவிட்டு மேலே போகலாம் என்றுதான் திட்டம் போட்டிருந்தேன். முடியவில்லை. நின்றே போய்ச் சேர்ந்த அவளுடைய முன்னோர் எத்தனை பேருக்கு அந்த முகம் இருந்திருக்குமோ. இப்போது அந்த முகத்தை, உட்கார முடியாதபடி கம்பி வைத்து மறுபடியும் நிறுத்தியிருக்கிறார்கள். எழுதுகிறவர் உணர்ச்சிவசப்படக் கூடாதாம். அப்படிச் சொல்கிறவர்கள் எர்மினிடம் வந்து சொல்லட்டும்.

4

மாடியில் சாப்பாட்டு அறை. மேசையின் தலைப்பக்கத்தில் முதலாளியம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். படியேறி வந்த எர்மினுக்கு மூச்சு வாங்கியது. கயிற்றின் கொக்கியைக் கழற்றி டெரோல் கையில் கொடுத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். உட்கார்ந்தாள்.



"ஆண்ட்டி, எந்திரிங்க. மேனேஜரம்மா வர்றாங்க."

"வரட்டும். பாவம், அவங்களும் காலைலேருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்காங்க. இன்னொரு நாற்காலி இழுத்துப் போடு."

5

ஒரு முடிவு: மேனேஜர் அதட்டுகிறார், எர்மின் எழுந்துவிடுகிறாள். அன்றாடம் நடப்பதற்குக் கதை எதற்கு?

இன்னொன்று: மேனேஜர் கண் கலங்கி, கீழே ஓடிப்போய், சிலைக்கு ஒரு முக்காலி— எர்மின் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டாள். "இது என்ன, கிறிஸ்துமஸ் நாடகமா?"

சரி, உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டேன்.

"உக்காந்தது வரைக்கும் எழுது. எந்திரிச்சது என் பாடு."

ஆகவே படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. டெரோல் கையில் சிவப்புக் கயிறு. எர்மின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இதற்குமேல் ஒரு வரி எழுதினால் அவள் எழுந்தாக வேண்டும். அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. முடிவில்லாமல் உங்களுக்கு ஆகாதென்றால், நீங்களே போய் அவளை எழுப்பிக்கொள்ளுங்கள். ஆனால், இவ்வளவையும் நீங்கள் உட்கார்ந்துகொண்டுதானே படித்தீர்கள்?