வளைவில்லாத எழுத்து

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையைச் சிரிக்க வைக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். சில வாரங்களாக அவள் சிரிக்கவில்லை. நானும் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கணினியில் எழுத்துரு வரைபவள் (வீட்டில் ஃபாண்ட் என்போம்). கடைசியாக வரைந்ததில் வளைவே கிடையாது. எல்லாம் நேர்கோடு, எல்லாம் மூலை. 'ட', 'ப' இரண்டும் பிறவியிலேயே அப்படித்தான், அதிகம் வேலை வைக்கவில்லை. 'ழ'தான் உயிரை எடுத்தது.

முதல் தொடக்கம்: "கோடுகளும் கோணங்களும் நிறைந்த இவ்வாழ்வில்..." (வேண்டாம். என்னையே அறையத் தோன்றுகிறது.)

2.

இப்படித் தொடங்கலாம். அவள் ஒரு சொல்லை அச்சிட்டுத் தாளை நெஞ்சுக்கு நேரே பிடிப்பாள். மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், எவ்வளவு தூரம்வரை எழுத்து தெரிகிறது என்று பார்க்க, நடைவழியில் பின்பக்கமாக நடந்துகொண்டே படிப்பார். குழாய் ஆலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தாலும் இதற்கு மட்டும் அலுத்துக்கொள்ள மாட்டார்.

"இன்னும் ரெண்டடி போங்க."

"கதவு வந்துருச்சு. மாடிப்படியில நிக்கவா?"

"'ழ' எப்படித் தெரியுது?"

"காலொடிஞ்ச நாற்காலி மாதிரி."

அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. 'ழ' அரைகுறையாக நிற்க, எழுத்துரு விற்பனைக்குப் போனது. விளையாட்டுச் சட்டை, செருப்புக்கடைப் பலகை, தண்ணீர் லாரி என்று தெருவெல்லாம் அதுதான். கண்ணில் பட்டதையெல்லாம் மாப்பிள்ளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார்.

3.

[ஒரு சந்தேகம். மாப்பிள்ளை ரொம்ப நல்லவராக வந்துவிட்டார், நம்ப மாட்டீர்கள். ஈரத்துண்டை நாற்காலியில் போடுவார், போன் அடித்தால் எடுக்க மாட்டார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.]

4.

ஒரு காலை ஆலை வாசலில் கூட்டம். கேட்டில் பெரிய அறிவிப்பு: "ஆலை மூடப்பட்டது." தங்கையின் எழுத்து. நாசமாய்ப் போக, அந்த இரண்டாவது சொல்லில் பாதிக்குமேல் 'ட'வும் 'ப'வும்தான். அவள் எழுத்து இவ்வளவு அழகாக வேறெங்கும் விழுந்ததில்லை.

அந்தப் போட்டோவை மட்டும் மாப்பிள்ளை அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அதை விக்கிறதையே நிறுத்திடறேன்" என்றாள் தங்கை.

"எழுத்து என்ன பண்ணும்?" என்றார் மாப்பிள்ளை. " கூட்டத்துல முட்டிமோதிக் கிட்டப் போய்ப் படிக்கிற மாதிரி இருந்திருந்தா, எல்லார் முன்னாடியும் அழுதிருப்பேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு படிச்சுட்டேன். யாரும் என் மூஞ்சியைப் பாக்கல."

தங்கை கணினியை மூடினாள். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

5.

முடிவு அ: ஆலை மறுபடி திறக்கிறது. (பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வேலை தேடிப் போன இடத்தில், அதே எழுத்தில் ஒரு பலகை அவரை... (சினிமா. இதுவும் போகட்டும்.)

நேற்று நடந்ததையே சொல்கிறேன். இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. ஆனால் 'காலொடிஞ்ச நாற்காலி' வந்த இடத்தில் எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு தாளோடு வந்தாள். யாரும் கூப்பிடாமலே மாப்பிள்ளை நடைவழியின் கோடிக்குப் போய் நின்றார்.

"படிங்க" என்றாள்.

நான் அவளுக்குப் பின்னால் இருக்கிறேன். எனக்குத் தாளின் முதுகுதான் தெரிகிறது. நீங்கள் கதவோரம், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்று, 'ழ' எப்படி இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் மனம் நோகக்கூடாதே என்று சும்மா புகழ்ந்துவிடாதீர்கள். கண்டுபிடித்துவிடுவாள்.