முப்பத்திரண்டு கட்டம்

கடப்பாரை மூன்றாவது தடவையும் சுக்காம்பாறையில் பட்டுத் தெறித்தது. வேல்பாண்டி உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

"ஏலே, பெத்தவன் குழி வெட்டக் கூடாது. கொடு இங்க," என்று கையை நீட்டினார் குழி வெட்ட வந்த சங்கையா.

"முழங்கால் அளவு தோண்டிட்டுப் போதும்ங்கீரு. நாய் கிளறிரும்."

"கிளறாது. மேல முள்ளு போட்டு மூடிருவோம்ல. நவுரு."

வேல்பாண்டி நகர்ந்தான். வேம்பின் நிழலில் அவன் மனைவி இந்துவின் அண்ணன் மாரிசாமி குழந்தையை ஏந்தி நின்றான். மூட்டை தூக்கிக் காய்த்த கை அவனுக்கு. இத்தனை லேசான ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தான். தொள்ளாயிரத்துப் பத்து கிராம். ஏழு மாதம்கூட நிறையாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிறந்தது. ஒரு பகல், ஒரு ராத்திரி கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சோடு மல்லுக்கட்டியது. இன்று காலையில் அடங்கிவிட்டது.

"மாப்ளே, அந்த அட்டை இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"பத்திரம். வலி நிக்க எம்புட்டு மாத்திரை கொடுக்கணும்னு ஆஸ்பத்திரிக்காரனுகளுக்கே தெரியாதாம். என் தங்கச்சி வயித்துல வச்சுப் பாத்திருக்கானுக. அவ என்ன எலியா? நாம நேரந்தவறாம கொடுத்ததுக்கு அத்தாட்சி அந்த அட்டைதான். நாளைக்கே கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கோம்."

வேல்பாண்டி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். வியர்வையில் அட்டை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

போன வாரம் இந்துவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆராய்ச்சி நர்ஸ் ஹெப்சிபா மாத்திரையும், முழுங்கிய நேரத்தைக் குறிக்க ஓர் அட்டையும் கொடுத்தாள். சிலருக்குச் சின்ன மாத்திரை, சிலருக்குப் பெரிய மாத்திரை. எது போதும், எது கூடுதல் என்று பார்க்கிறார்களாம். ஒரு நாளைக்கு நாலு வேளை, எட்டு நாள். முப்பத்திரண்டு கட்டம். "முழுங்கின பொறவு எழுதுங்கண்ணே. விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னே எழுதுங்க. யாரும் ஏச மாட்டோம்."

வேல்பாண்டிக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நூல் அறுந்துபோகாமல் காற்றில் ஈரம் கட்டும் பிளான்ட் அவன் பொறுப்பு. மணிக்கு ஒருதரம் ஈரத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். யார் பார்த்தார்கள்? ஷிப்டு ஏறியதும் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் அங்கே நடப்பு. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, மறுபடி அறுபத்திரண்டு. ஒன்றுபோல எழுதினால் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வரும். கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுத வேண்டும். பதினோரு வருசத்தில் வேல்பாண்டி அதில் கைதேர்ந்திருந்தான்.

அட்டை வந்த மறுநாள் திங்கட்கிழமை டபுள் ஷிப்டு போட்டிருந்தார்கள். கிளம்பும் அவசரத்தில் உட்கார்ந்து முப்பத்திரண்டு கட்டத்தையும் நிரப்பினான். 6.00, 12.10, 6.05. எதிரே ஒவ்வொரு டிக். "நீ போட்டுக்கோட்டி, நான் எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

சனிக்கிழமை இரவு வலி திரும்பியது. அட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் இருந்தது. இன்றைக்கும் இருந்தது. மத்தியானம் 12.05.

சங்கையா குழிக்குள்ளிருந்து ஏறி வந்தார். மாரிசாமி மண்டியிட்டுக் குழந்தையை இறக்கினான். "கைம்மண்ணு போடுலே," என்றார் சங்கையா. வேல்பாண்டி குனிந்தபோது அட்டை பையிலிருந்து பாதி வெளியே நழுவியது. இன்னும் ஒரு விரற்கடை குனிந்தால் விழுந்துவிடும். மண் மூடிவிடும். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டு மண்ணைப் போட்டான். மணி என்ன என்று பார்க்கவில்லை.

செட்டியார்பட்டியில் வேல்பாண்டி வீட்டு வாசலில் ஹெப்சிபா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாரிசாமி தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் அவள் முன்னால் நின்றான்.

"என்னம்மா, குழி மண்ணு காயல. அதுக்குள்ள கணக்கெடுக்க வந்துட்டியா?"

"இந்துவப் பாக்க வந்தேண்ணே." அவள் எழுந்தாள். "அட்டையும் மிச்ச மாத்திரையும் வாங்கணும். அதுக்கும்தான் வந்தேன். மறைக்கல."

"மிச்சம் என்ன மிச்சம்? நீ கொடுத்த விசத்தப் பூராம் நேரத்துக்கு முழுங்கித்தான பிள்ளையத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கா. மாப்ளே, காட்டு அந்த அட்டைய. செல்லுல படம் புடிச்சிட்டுப் பொறவு கொடுப்போம்."

தொலைந்துபோயிற்று என்று சொன்னால் தீர்ந்தது. ஆஸ்பத்திரி அலைச்சலில் எங்கேயோ விழுந்திருக்கும் என்றால் யார் தேடப் போகிறார்கள்? நிஜத்தைச் சொன்னால் நாளைக்குத் தெரு முழுக்க இந்துவைத்தான் பேசும். மாத்திரைகூட ஒழுங்காப் போடத் தெரியாதவள் என்று. கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டது.

வேல்பாண்டி அட்டையை எடுத்து ஹெப்சிபாவிடம் கொடுத்தான்.

"அம்புட்டும் பொய்யி சிஸ்டர். முத நாளே உக்காந்து எழுதினது."

மாரிசாமிக்குப் புரியச் செத்த நேரம் பிடித்தது. புரிந்ததும் வேல்பாண்டியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "என்னது? மில்லு நோட்டுன்னு நெனச்சியால? என் தங்கச்சி வயிறுல அது!"

"விடுண்ணே." இந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பை நெஞ்சில் இறுக்கி மடித்துப் போட்டிருந்தாள். மறு கையில் மிச்ச மாத்திரைப் பட்டை. பதினாலு மாத்திரை பிரிக்காமல் இருந்தது.

"அவிய மட்டும் இல்ல, நானுந்தான். போட்டா தலை கிறுகிறுன்னு வந்துச்சு. மூஞ்சி தீயா எரிஞ்சிச்சு. அட்டையப் பாத்தா டிக் விழுந்திருக்கு. எழுதியாச்சுல்ல, ஒரு வேளைதானேன்னு விட்டேன். பொறவு இன்னொரு வேளை."

மாரிசாமியின் பிடி தளர்ந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"முழுசா முழுங்கியிருந்தா பொழச்சிருக்குமா?" என்று வேல்பாண்டி கேட்டான்.

ஹெப்சிபா ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான்.

"தெரியாதுண்ணே. பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் இருந்திருக்கலாம். அது தெரியாமத்தான் உங்ககிட்ட அட்டையே கொடுத்தோம்."

"இத இப்படியே கொண்டு போனா?"

"முழுசாக் கொடுத்தும் வலி நிக்கலன்னு எழுதுவாங்க. அடுத்தவளுக்கு இன்னும் கூட்டிக் கொடுக்கப் பாப்பாங்க."

இந்து மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தாள். "அட்டைய இங்க வைங்க சிஸ்டர். எது போட்டேன், எது போடலன்னு எனக்குத் தெரியும்."

"இன்னைக்கே வேணாம் இந்து."

"நாளைக்கு மறந்துரும்."

ஹெப்சிபாவும் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "திங்கக்கிழமை காலைல?"

"போட்டேன்."

"மத்தியானம்?"

"போட்டேன்."

"சாயங்காலம்?"

"போடல. ஒறங்கிட்டேன்."

தெருவில் யாரோ தண்ணீர் வருகிறது என்று கத்தினார்கள். எட்டு நாள் கழித்து வருகிற தண்ணீர். வேல்பாண்டி இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு வாசல் குழாய்க்குப் போனான். மாரிசாமி படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். வண்டிச் சாவி கையில் இருந்தது, கிளம்பவில்லை.

"புதன்கிழமை மத்தியானம்?"

இந்துவின் குரல் குழாயடிவரை கேட்டது. "அது போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. முழுங்கிட்டுப் படுத்தேன், ரெண்டு உதை உதைச்சான்."

"சாயங்காலம்?"

குடம் நிறைந்து கழுத்தைத் தாண்டி வழிந்தது. எதிர்வீட்டுக் கனகலட்சுமி ஓடிவந்து, "தண்ணி வீணாப் போகுது, பாக்கலையா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு, நிறைந்த குடத்தை நகர்த்திக் காலிக்குடத்தை வைத்தாள். வெறுங்குடத்தில் தண்ணீர் விழுந்த சத்தத்தில் இந்து சொன்னது கேட்கவில்லை. வேல்பாண்டி கையை நீட்டிக் குழாயை மூடினான்.