விற்பதற்கான காரணம்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் பிறந்தது. அதை ஒளிப்பானேன்? அக்கா தன் மோட்டார் சைக்கிளை விற்கப் போகிறாள். "நீதான் கதையெல்லாம் எழுதுறியே, மூணு வரி எழுதிக் குடுடா, நெட்ல போட்டுடலாம்" என்றாள். வாங்கி நான்கு மாதம், ஓடியது இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், ஒருவர் கை மட்டுமே பட்டது. அதுவரை மளமளவென்று வந்தது. அடுத்த கட்டத்தில் 'விற்பதற்கான காரணம்' என்று கேட்டிருந்தது.

"ஓட்டத் தெரியலன்னு போடு. உள்ளதைச் சொல்றதுல என்ன வெட்கம்?" என்றாள்.

அது உள்ளதில்லை. ஆகவே மூன்று வரி எழுத வேண்டியவன் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

சுதந்திரம் என்பது இரண்டு சக்கரங்களின் மேல்

சேச்சே. அக்காவுக்கு வேண்டியிருந்தது சுதந்திரம் இல்லை, காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர ஒரு வண்டி.

இரண்டாவது முயற்சி:

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு அந்த ஆசை வந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தை அழுதால் "அந்தக்காவைக் கூப்பிடுங்க" என்பார்கள். அவள் குத்தினால் வலிக்காது என்று பெயர். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஆறு மணிக்கே வரிசையில் நிற்பார்கள். முதல் பஸ்ஸோ ஆறேகாலுக்கு. தினம் யாரையாவது கெஞ்சிப் பின்னால் உட்கார்ந்து போய் அவளுக்கு அலுத்துவிட்டது. பயிற்சிப் பள்ளியின் சின்ன வண்டியில் கற்றுக்கொண்டு, தேர்வில் முதல் தடவையே தேறினாள்.

இது பரவாயில்லை, இருக்கட்டும். (தேறினாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவளே மறந்துவிட்டாள்.)

3

கடையில் இரண்டு வண்டிகள் பார்த்தார்கள். ஒன்று சின்னது, நூற்றுப் பத்து கிலோ. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும். மற்றது பெரியது, கறுப்பு, நூற்றுத் தொண்ணூறு கிலோ. கால்விரல் மட்டுமே எட்டும். விற்பனைக்காரர் நியாயமான மனிதர். விலை கூடினதை அவள் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

"மேடம், முதல் வண்டிக்கு அழகெல்லாம் பாக்காதீங்க. நிக்கிறப்போ ரெண்டு காலும் தரையில இருக்கணும். சாஞ்சா நீங்களே நிமித்தணும். ஒரு வருசம் சின்னதை ஓட்டுங்க, அப்புறம் எதை வேணா வாங்குங்க" என்றார்.

கூட வந்த தம்பி உதட்டைப் பிதுக்கினான். "போயும் போயும் இதையா? பால்காரர் வண்டி மாதிரி இருக்கு. உனக்கு அந்தக் கறுப்புதாங்க்கா எடுப்பா இருக்கும்."

அக்கா பெரிய வண்டியில் ஏறி நிமிர்த்தினாள். "அட! பாக்கத்தான் பூதம் மாதிரி இருக்கு, உக்காந்தா லேசாத்தானே இருக்கு!" என்று சிரித்தாள்.

[இங்கே ஒரு இடறல். நூற்றுத் தொண்ணூறு கிலோ எப்படி லேசாகும்? முதல் வடிவத்தில், விற்பனைக்காரர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார் என்று எழுதினேன். பாவம், அவர் அப்போது சின்ன வண்டியின் சாவியை எடுக்கப் போயிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டாவது வடிவத்தில் யாருமே பிடிக்கவில்லை. அது கதையில்கூட நடக்காது.]

4

பிடித்திருந்தது தம்பி. தம்பி என்றால் நான்.

பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். விழுந்துவிடப் போகிறாளே என்றுதான் பிடித்தேன், சத்தியமாக. ஆனால் லேசா இருக்கு என்று அவள் சொன்னபோது கையை எடுத்திருக்கலாம். 'நான் பிடிச்சிருக்கேங்க்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. இருபது வயதிலிருந்தே அந்த வண்டி மேல் எனக்கு ஒரு கண். வாங்கத்தான் வக்கில்லை. அவள் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கொஞ்சம்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கூசுகிறது.)

விற்பனைக்காரர் சாவியோடு திரும்பி வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

5

மூன்றாவது வாரம். ஒரு சிக்னல், லேசான சரிவு. நின்றாள், இடது கால்விரல்தான் எட்டியது, வண்டி சாய்ந்தது. எதுவும் வந்து மோதவில்லை. நின்ற இடத்திலேயே வண்டியோடு விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து, தோலை இழுத்துப் பிடிக்கிற கை அது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் பழையபடி மடங்கவில்லை. இப்போது முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிகிறாள். உள்ளே குழந்தை அழுதால் சட்டென்று எழுந்துவிடுவாளாம். பிறகு உட்கார்ந்துகொள்வாளாம்.*

* இதைச் சொன்னது அவளோடு வேலை செய்கிறவர். அக்கா என்னிடம் சொன்னதில்லை.

6

முடிவு ஒன்று: அக்கா சின்ன வண்டி வாங்கி ஜம்மென்று வேலைக்குப் போகிறாள். எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தனக்கு வண்டியே வராது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். சாவியைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள்.

முடிவு இரண்டு: தம்பி உண்மையைச் சொல்கிறான். அக்கா கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழு

போன் வந்தது. அவள்தான்.

"எழுதிட்டியாடா?"

"இல்லக்கா. அன்னைக்குக் கடையில..."

"இன்னும் அதையேவா நினைச்சுட்டு இருக்க? அட லூசு! நீ சொன்னதுக்காகவா வாங்கினேன்? உக்காந்து பாத்துத்தானே வாங்கினேன். அவ்ளோ லேசா இருந்துச்சுடா. வண்டியில ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் வரல. உன்மேல என்ன தப்பு? மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

நான் "சரிக்கா" என்றேன்.

அவள் வைத்துவிட்டாள். ஒரே காட்சியை மூன்று வடிவம் எழுதத் தெரிந்தவனுக்கு, வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதனால் இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. உங்களில் யாருக்காவது அவளைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து நீங்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டியவன் நான். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.